சின்ன டீமுக்கு ரிமோட்டில் பேக்எண்ட் டெவலப்பர் எடுப்பது எப்படி

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் ஜாப் ஒர்க் (வெளி யூனிட்டில் கூலிக்குச் செய்து வாங்கும் வேலை) கணக்கைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்றைக் கோயம்புத்தூரில் இருந்து ஆறு பேராகச் செய்துவருகிறோம். துணி டையிங்குக்கு (சாயம் போட) எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ திரும்பியது, இடையில் எவ்வளவு குறைந்தது, யாருக்கு எவ்வளவு பில் என்பதெல்லாம் அதில்தான் ஓடுகிறது. பேக்எண்ட், அதாவது திரைக்குப் பின்னால் சர்வரிலும் டேட்டாபேஸிலும் ஓடும் பகுதியைப் பார்க்கும் இருவரும் ஆபீசுக்கு வருபவர்கள் இல்லை. ஒருவர் கோவில்பட்டியில் இருக்கிறார், இன்னொருவர் திண்டிவனத்தில். ஆள் எடுக்கும் வேலை என்னுடையது. சொந்தமாகக் கம்பெனி நடத்தும் நண்பர்கள் இதைப் பற்றி அடிக்கடி கேட்பதால், எங்கள் முறையை விவரமாக எழுதிவிடுகிறேன்.

பெரிய கம்பெனியில் ஒருவர் சறுக்கினால் பக்கத்தில் பத்துப் பேர் தாங்கிக்கொள்வார்கள். ஆறு பேர் டீமில் அந்த வசதி கிடையாது. ஸ்கிரீன் கோணலாக வந்தால் உடனே எல்லோர் கண்ணிலும் படும். டேட்டாபேஸில் ஒரு வரி இரண்டு தடவை ஏறிவிட்டால், மாதக் கடைசியில் வாடிக்கையாளரின் கணக்கு இடிக்கும்போதுதான் தெரியவரும். ஆளும் தூரத்தில், அவர் செய்யும் வேலையும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்களை: டேட்டாவைத் தொடும்போது பயம் இருக்கிறதா, செய்வதைத் தெளிவாக எழுதிவைக்கிறாரா. எந்த ஃபிரேம்வொர்க் (மென்பொருள் எழுத உதவும் தயார்ச் சட்டகம்) தெரியும் என்பது அதற்கு அப்புறம்தான். நல்ல ஜாவா ஆளுக்குப் பைதானும் அதன் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவும் சில வாரங்களில் கைவந்துவிடும். கவனம் அப்படி வருவதில்லை.

விளம்பரத்துக்கு முன்னால்

வரப்போகும் ஆள் முதல் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பேமென்ட் கேட்வேயை இணைப்பது, ஒரு ரிப்போர்ட்டைச் சரிசெய்வது என்று இரண்டே வரியில் முடிந்துவிட்டால் உங்களுக்குத் தேவை ஃப்ரீலான்சர்தான். மாதச் சம்பளத்துக்கு ஆள் வேண்டாம். பக்கம் நிறைந்தால் அதுவே விளம்பரத்துக்கும் அடிப்படை.

சம்பளத்தை விளம்பரத்திலேயே போடுங்கள். “தகுதிக்கேற்ற சம்பளம்” என்று போட்டால் இருநூறு விண்ணப்பம் வரும், கடைசியில் பேச்சு பணத்தில் போய் முறியும். இருவருடைய நேரமும் வீண். எங்கள் விளம்பரம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

“பனியன் தொழிலுக்கான கணக்கு மென்பொருள். பைதான், ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஆறு பேர் டீம். நீங்கள் இரண்டாவது பேக்எண்ட் ஆள். தமிழ்நாட்டில் எங்கிருந்தும் வேலை செய்யலாம். மாதம் 70,000 முதல் 90,000 ரூபாய் வரை. காலை 11 முதல் மாலை 4 வரை எல்லோரும் ஆன்லைனில் இருப்போம், மீதி நேரம் உங்கள் வசதி. மாதத்தில் ஒரு வாரம் அவசர அழைப்புக்கு நீங்கள் பொறுப்பு. ரெஸ்யூமேயுடன், நீங்கள் கண்டுபிடித்துச் சரிசெய்த ஒரு பக்கைப் (மென்பொருள் பிழையைப்) பற்றி இருபது வரி எழுதி அனுப்புங்கள். தமிழிலும் எழுதலாம்.”

கடைசி வரிகள்தான் என் சல்லடை. ஒரே கிளிக்கில் ஐம்பது இடத்துக்கு ரெஸ்யூமே தட்டுபவர்கள் அந்த இருபது வரியை எழுத மாட்டார்கள். ஏஐயிடம் கொடுத்து எழுதி வாங்கியது வந்தாலும் படித்தால் புரிந்துவிடும்; அதில் “செயல்திறனை மேம்படுத்தினேன்” என்று இருக்குமே தவிர, எந்த டேபிள், எந்த நேரத்தில் நின்றது, முதலில் எதைச் சந்தேகப்பட்டார் என்பது இருக்காது. உண்மையாகவே மாட்டிக்கொண்டு மீண்டவர் எழுதும்போது வழியில் போன தப்பான பாதைகளும் சேர்ந்து வரும்.

எங்கே தேடுவது

தெரிந்தவர் சொல்லி வரும் ஆள்தான் முதல் வழி. நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற வேலைத் தளங்கள் கூட்டத்தைக் கொண்டுவரும், சலிக்க நேரம் வேண்டும். நான் அதிகம் நம்புவது கற்றுக்கொடுக்கும் குழுக்களை. கணியம் அறக்கட்டளை தமிழிலேயே நிரலாக்க வகுப்புகள் நடத்துகிறது. விழுப்புரத்தில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறது. சென்னையில் பைதான் குழுவும் லினக்ஸ் குழுவும் பல வருடங்களாகச் சந்தித்துவருகின்றன. அங்கே கேள்வி கேட்பவர்களையும், அதைவிட முக்கியமாகப் பொறுமையாகப் பதில் சொல்பவர்களையும் கவனியுங்கள். ஒருவர் முகம் தெரியாத மாணவருக்கு எழுத்தில் எப்படி விளக்குகிறார் என்பதை அங்கே பார்த்துவிட்டால் பாதி இன்டர்வியூ முடிந்த மாதிரி.

சொந்த ஊரிலேயே இருக்க விரும்பும் அனுபவசாலிகள் நாம் நினைப்பதைவிட அதிகம். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ ஆபீஸ் வந்த பிறகு, சின்ன ஊரிலிருந்து பெரிய மென்பொருள் வேலை செய்ய முடியும் என்பதை யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. வயதான அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூரிலிருந்து திரும்பியவர், குழந்தை பிறந்தபின் மறுபடி வேலைக்கு வர நினைக்கும் பெண் என்று சிறந்த ஆட்கள் வெளியே காத்திருக்கிறார்கள். ரெஸ்யூமேயில் இரண்டு வருட இடைவெளி இருந்தால் அதைக் குறையாகப் பார்க்காதீர்கள். காரணத்தைத் துருவ வேண்டாம். இப்போது கோட் எழுதுகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

இன்டர்வியூ

இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு: பேச்சு தமிழில் நடக்கட்டும். தமிழ் வழியில் படித்து வந்த எத்தனையோ பேர் ஆங்கிலத்தில் வாய் திறக்கும் முதல் இரண்டு நிமிடத்திலேயே கழித்துக்கட்டப்படுகிறார்கள். அந்த இழப்பு அவர்களுக்கு மட்டுமில்லை, நமக்கும்தான். எங்கள் வாடிக்கையாளரும் தமிழ், டீமும் தமிழ். ஆங்கிலத்தில் டாக்குமென்ட் படித்துப் புரிந்துகொள்ளவும், கமிட் மெசேஜ் (கோட் மாற்றத்தோடு போடும் குறிப்பு) எளிமையாக எழுதவும் தெரிந்தால் போதும். தமிழில் ஆரம்பித்ததும் ஆளின் தோளே இறங்கும், சிந்தனை வெளியே வரும்.

எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டு, மதிப்பெண்ணை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். “பேசினதும் பிடித்துவிட்டது” என்பதை நம்பாதீர்கள். ஆள் தேர்வைப் பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் சாக்கெட் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2022ல் திரும்பக் கணக்கிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி என்று ஒழுங்குபடுத்திய நேர்காணல் அதில் முன்னணியில் வந்தது. வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணல் ரொம்பக் கீழே. எத்தனை வருட அனுபவம் என்ற எண் அதைவிடவும் கீழே.

நான் கேட்கும் முதல் கேள்வி இது. டையிங் யூனிட்டில் சூப்பர்வைசர் மொபைலில் டெலிவரி சலான் போடுகிறார். நெட் விட்டுவிட்டு வருகிறது. சேவ் ஆனதா தெரியாமல் மறுபடி அழுத்துகிறார். ஒரே சரக்கு இரண்டு தடவை கணக்கில் ஏறக்கூடாது. என்ன செய்யலாம்?

“ஒரு தடவை அழுத்தியதும் பட்டனை மறைத்துவிடலாம்” என்பவர் பேக்எண்டாக இன்னும் யோசிக்கவில்லை. ஆப் தானே திரும்ப அனுப்பினால் பட்டன் என்ன செய்யும்? “அதே பார்ட்டி, அதே எடை, அதே நாள் என்றால் நிராகரித்துவிடலாம்” என்பவர் கொஞ்சம் நெருங்கிவிட்டார். ஆனால் திருப்பூரில் ஒரே பார்ட்டிக்கு ஒரே நாளில் ஒரே எடையில் இரண்டு லோடு உண்மையாகவே போகும். மொபைலிலேயே ஒவ்வொரு சலானுக்கும் தனி அடையாள எண் உருவாக்கி, டேட்டாபேஸில் அதே எண் இரண்டாவது தடவை ஏறாதபடி யுனிக் கட்டுப்பாடு வைத்து, இரண்டாவது தடவை வந்தால் பிழை காட்டாமல் முதல் தடவை கொடுத்த பதிலையே திருப்பித் தருவது நல்ல பதில். பதில் சொல்வதற்கு முன்னால், “ஒரே எடையில் இரண்டு லோடு போக வாய்ப்பு உண்டா?” என்று திருப்பிக் கேட்பவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

இரண்டாவது கேள்வி: கோடவுனில் 500 கிலோ துணி இருக்கிறது. இரண்டு பேர் ஒரே நொடியில் ஆளுக்கு 300 கிலோ எடுக்கிறார்கள். இருப்பைப் படித்து, கழித்து, எழுதும் கோடை அவர் முன்னால் வைத்து எங்கே உடையும் என்று கேட்பேன். டிரான்சாக்‌ஷன் (பல படிகளை ஒரே செயலாகக் கட்டும் டேட்டாபேஸ் வசதி) என்ற சொல்லைச் சொன்னால் மட்டும் போதாது. போஸ்ட்கிரெஸின் சாதாரண டிரான்சாக்‌ஷனுக்குள் இருந்தாலும் இரண்டு பேரும் 500 என்றே படிக்க முடியும். அந்த வரியைப் பூட்ட வேண்டும், அல்லது கழிப்பதையும் சரிபார்ப்பதையும் ஒரே அப்டேட்டில் செய்ய வேண்டும். இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகாதபடி டேபிளிலேயே கட்டுப்பாடும் வைத்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, நேரம். நைட் ஷிஃப்டில் ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு ஒரு பில் போடுகிறார்கள். சர்வர் யுடிசி (உலகப் பொது) நேரத்தில் சேமிக்கிறது. அங்கே அது மார்ச் 31 இரவு 8.30. ரிப்போர்ட் அதைப் போன நிதியாண்டில் சேர்த்துவிடும், ஜிஎஸ்டி கணக்கும் தப்பும். இதைத் தானாகக் கண்டுபிடிக்கிறாரா, சின்னக் குறிப்பு கொடுத்தால் பிடிக்கிறாரா என்று பார்ப்பேன். இரண்டுமே எனக்குச் சம்மதம்.

அப்புறம் ஒரு வாசிப்பு. 2017 ஜனவரி 31 அன்று, கோடைச் சேமித்துப் பகிரும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டும் மிஞ்சியது. நம்பியிருந்த பேக்கப் வழிகள் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் தற்செயலாக எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட் (டேட்டாவின் அப்போதைய பிரதி) ஒன்றுதான் காப்பாற்றியது. நடந்ததை அவர்களே ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதைப் படிக்கச் சொல்லி, “நம்மைப் போன்ற ஆறு பேர் டீமில் நாளைக்கே எதைச் சரிபார்ப்பீர்கள்?” என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். பேக்கப்பை ரீஸ்டோர் செய்து பார்க்க வேண்டும் என்று எழுதுகிறாரா, அழித்த பொறியாளரைத் திட்டுவதோடு நிறுத்துகிறாரா என்பது எனக்கு நிறையச் சொல்லும்.

காசு கொடுத்துச் சோதியுங்கள்

கடைசிச் சுற்றுக்கு வரும் இரண்டு அல்லது மூன்று பேருக்கு ஒரு நாள் வேலை கொடுக்கிறோம், அதற்குச் சம்பளமும் கொடுக்கிறோம். வேலையில் இருப்பவர் என்றால் சனி, ஞாயிறில் பார்த்துக்கொள்ளலாம். இலவசமாக வாரக்கணக்கில் அசைன்மென்ட் வாங்கி, அதையே தங்கள் பொருளில் பயன்படுத்திக்கொள்ளும் கம்பெனிகள் இருக்கின்றன. அந்த வழக்கம் ஒழிய வேண்டும். நாங்கள் கொடுக்கும் வேலை எங்கள் கோடின் சின்னப் பிரதி ஒன்றில்: டையிங் நஷ்டம் காட்டும் ரிப்போர்ட் மெதுவாக இருக்கிறது, காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்து புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்புங்கள். உள்ளே ஒவ்வொரு சலானுக்கும் தனித்தனியாக டேட்டாபேஸைத் தட்டும் ஒரு லூப் இருக்கும், தேடலை வேகப்படுத்தும் ஒரு இண்டெக்ஸும் விட்டுப்போயிருக்கும். தேவைக் குறிப்பில் வேண்டுமென்றே ஒரு இடத்தைத் தெளிவில்லாமல் வைத்திருப்போம். அங்கே வந்ததும் நின்று கேட்கிறாரா, தானாக ஒன்றை நினைத்துக்கொண்டு போய்விடுகிறாரா? ரிமோட்டில் இதைவிட முக்கியமான சோதனை எனக்குத் தெரியாது.

ஏஐ பயன்படுத்தலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். வேலையிலும் பயன்படுத்தத்தானே போகிறார்? ஆனால் மறுநாள் வீடியோ காலில் ஸ்கிரீனைப் பகிர்ந்து, வரிவரியாக விளக்கி, நாங்கள் சொல்லும் ஒரு மாற்றத்தை அங்கேயே செய்ய வேண்டும். ஆள்மாறாட்டமும் இதில் வெளிப்பட்டுவிடும். ஒருவர் பேச இன்னொருவர் வேலைக்கு வருவது இந்தத் துறையில் நடக்கிற விஷயம்தான். எல்லாச் சுற்றிலும் கேமரா ஆனில் இருக்கட்டும், முடிந்தால் ஒரு சுற்றை நேரில் வையுங்கள், பஸ் செலவை நீங்கள் கொடுங்கள்.

முன்பு வேலை பார்த்த இடத்தைச் சரிபார்க்க, பிஎஃப் கணக்கில் இருக்கும் பணி வரலாற்றை அவரையே திறந்து காட்டச் சொல்லலாம். அதோடு, அவருடன் வேலை செய்த ஒருவரிடம் பேசுங்கள். “உங்கள் டீமில் மறுபடி இடம் இருந்தால் இவரைக் கூப்பிடுவீர்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். எதிர்முனையில் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

ஆஃபர் கொடுத்த பிறகு

நம் ஊரில் நோட்டீஸ் பீரியட் 60, 90 நாள் என்று நீள்கிறது. உங்கள் ஆஃபரைக் காட்டி இன்னொரு இடத்தில் அதிகம் கேட்க அந்த இடைவெளி போதும். சேரும் நாள் காலையில் போனை எடுக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். இதற்காக ஆளைக் குறைசொல்லிப் பயனில்லை. ஏற்கெனவே நோட்டீஸில் இருப்பவருக்கு முன்னுரிமை கொடுங்கள். ஆஃபருக்கு அப்புறம் வாரம் ஒரு முறை பேசுங்கள், டீமில் மற்றவர்களை அறிமுகப்படுத்துங்கள். இரண்டாவது இடத்தில் வந்தவரிடம் நிலவரத்தை மறைக்காமல் சொல்லி வையுங்கள்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது எழுதிய கோட் யாருக்குச் சொந்தம் என்பது. 1957ஆம் வருட பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கம்பெனிக்குச் சொந்தம். ஃப்ரீலான்சர் எழுதியது, எழுத்தில் மாற்றித் தராவிட்டால் அவருக்கே சொந்தம். மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் தெளிவாக எழுதுங்கள். வேலையை விட்ட பிறகு போட்டி கம்பெனிக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையை இணையத்தில் கிடைக்கும் மாதிரி ஒப்பந்தங்களில் பார்க்கலாம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி அது செல்லாது, எடுத்துவிடுங்கள். ரகசியம் காப்பதற்கான பிரிவு போதும். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வது, பாண்ட் எழுதி வாங்குவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

முழுநேரமும் உங்களுக்கு மட்டும் வேலை செய்பவரை, செலவு மிச்சம் என்பதற்காகக் கன்சல்டன்ட் என்று எழுதாதீர்கள். பிஎஃப் பொதுவாக 20 பேர் சேர்ந்தால்தான் கட்டாயம் என்றாலும் மெடிக்கல் இன்சூரன்ஸ், சம்பளத்துடன் விடுமுறை இரண்டும் கொடுங்கள். வரிப் பிடித்தம் எப்படி என்பதை உங்கள் ஆடிட்டரிடம் முதல் மாதத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, மின்சாரம். மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகலில் நிறுத்தும் நாளில் சின்ன ஊரில் மணிக்கணக்காகக் கரண்ட் இருக்காது. இன்வெர்ட்டர், இரண்டாவது நெட் இணைப்பு இரண்டுக்கும் நாங்கள் பணம் கொடுக்கிறோம். ஷட்டவுன் நாள் முன்னாலேயே தெரிவதால் அன்றைக்கு வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லிவிடுவோம்.

சேர்ந்த பிறகு

லேப்டாப் கம்பெனியுடையதாக இருக்கட்டும், கூரியரில் அனுப்புங்கள். எல்லோருக்கும் பொதுவான பாஸ்வேர்டு எதையும் கொடுக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, இரட்டைச் சரிபார்ப்புடன். முதல் மாதம் லைவ் டேட்டாபேஸில் படிக்கும் அனுமதி மட்டும். அதிலும் பார்ட்டி பெயர், போன் நம்பர் மறைக்கப்பட்டிருக்க வேண்டும். வாடிக்கையாளரின் விவரத்தை நம்பி நம்மிடம் கொடுத்திருக்கிறார்கள். 2023ல் வந்த தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டமும் அதே பொறுப்பைத்தான் கேட்கிறது.

முதல் வாரத்திலேயே சின்ன மாற்றம் ஒன்றாவது லைவில் போகட்டும். தப்பான எழுத்தைத் திருத்தியதாக இருந்தாலும் பரவாயில்லை. லேப்டாப்பில் இருந்து லைவ் வரை முழு வழியையும் ஒரு முறை நடந்துவிடுவார். இரண்டாவது வாரம் திருப்பூருக்கு வரவழைத்து ஒரு டையிங் யூனிட்டையும் ஒரு ஸ்டிச்சிங் யூனிட்டையும் காட்டுவோம். ஈரக் கையோடு மொபைலில் எண் தட்டும் ஆளைப் பார்த்த பிறகு அவர் எழுதும் கோடே மாறுகிறது.

தினமும் வீடியோ மீட்டிங் வைப்பதில்லை. மாலையில் மூன்று வரி: என்ன முடிந்தது, எங்கே நிற்கிறது, யாரிடம் என்ன வேண்டும். முடிவு எதுவும் போன் பேச்சில் மட்டும் இருக்கக்கூடாது; பேசி முடித்ததும் ஒருவர் எழுதிப் போட வேண்டும். மவுஸ் அசைகிறதா என்று பார்க்கும் கண்காணிப்பு மென்பொருளைப் போடாதீர்கள். நல்ல ஆள் அன்றைக்கே வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுவார். ரிவியூவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: அவர் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டை அன்றைக்கே பாருங்கள். தூரத்தில் தனியாக இருப்பவருக்குப் பதில் வராத ஒரு நாள் மிக நீளமானது.

ஒரு மாதம் கழித்தும், மூன்று மாதம் கழித்தும் உட்கார்ந்து பேசுங்கள். பொருந்தவில்லை என்று முதல் மாதத்திலேயே தோன்றினால் எந்த வேலையில், எது குறை என்று உதாரணத்தோடு எழுதிக் கொடுத்து மூன்று, நான்கு வாரம் அவகாசம் கொடுங்கள். அப்புறமும் சரிவரவில்லை என்றால் இழுக்க வேண்டாம். போனில் நேரடியாகச் சொல்லி, ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அனுபவச் சான்றிதழை அந்த வாரமே அனுப்புங்கள். அவருக்கு எந்தெந்தக் கணக்குகள் திறந்தோம் என்ற பட்டியலைச் சேர்ந்த நாளிலிருந்தே ஒரு ஃபைலில் எழுதிவந்திருந்தால், கிளவுட், கிட்ஹப், டேட்டாபேஸ், மெயில் எல்லாவற்றையும் அன்று மாலைக்குள் மூடிவிடலாம்.